'ஹிட்லர் தடை செய்த படம்' என்பது தப்பு

பழைய ரீல்:
சனிக்கிழமை திரையிட்டது 'ஆண்டர்ஸ் ஆல்ஸ் டி ஆண்டர்ன்'. 1919ல் பெர்லினில் வெளியான மௌனப்படம், ரிச்சர்ட் ஆஸ்வால்ட் இயக்கியது. இரண்டு ஆண்களின் காதலைக் கௌரவமாகக் காட்டி, அதைக் குற்றமாக்கிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவை எடுத்தெறியச் சொன்ன படம். இவ்வளவு பெரிய படத்தைப் போட்டுவிட்டு, கலந்துரையாடலைத் தொடங்கியவர் மைக்கில் சொன்ன முதல் வாக்கியம்: "இது ஹிட்லர் தடை செய்த படம்." போஸ்டரிலும் அதேதான். எல்லோரும் கை தட்டுகிறார்கள்! தடை வந்தது 1920ல். ஹிட்லர் அப்போது மியூனிக் பீர்க் கூடங்களில் கத்திக்கொண்டிருந்த ஆள். தடை செய்தது ஜெர்மன் குடியரசு.

இளவெயில்:
'தொடங்கியவர்' என்று எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்? நான்தான் பேசினேன். படத்தில் டாக்டராக வந்து பேசும் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்டின் பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6 அன்று சூறையாடியது யார்? மே 10 அன்று அதன் நூல்களைத் தெருவில் போட்டு எரித்தது யார்? இன்று நாம் பார்ப்பது அரைகுறைப் படம். முழுப் படம் கிடைக்கவே இல்லை. அந்தக் கோபத்தில் ஹிட்லர் பெயரைச் சொன்னேன். சொல்வேன்.

பழைய ரீல்:
எரித்தது வேறு, தடை வேறு. நான் கேட்டது தடையை. 1920.

கருப்புக் காபி:
ரீல் சார், அது முழுத் தடையும் இல்லையே? மருத்துவர்களும் ஆய்வாளர்களும் பார்க்கலாம் என்று விட்டு வைத்திருந்தார்களே.

பழைய ரீல்:
காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் மனிதன் பார்க்கக் கூடாது என்றால் அது தடை. இதில் என்ன முழு, அரை? யாருக்காக எடுத்த படம் அது? மிரட்டிப் பணம் பிடுங்கப்பட்டு, போலீசுக்கும் போக முடியாமல் தவித்தவர்களுக்காக. கதையே அதுதானே! வயலின் கலைஞர் பால் கோர்னரை போலெக் மிரட்டுகிறான். கோர்னர் துணிந்து வழக்குப் போடுகிறார். மிரட்டியவனுக்குத் தண்டனை கிடைக்கிறது, கூடவே 175ன் கீழ் கோர்னருக்கும். கச்சேரி வாய்ப்பெல்லாம் போய், கடைசியில் உயிரையே விடுகிறார். இதை மருத்துவர்கள் மட்டும் பார்த்து என்ன ஆகப்போகிறது?

இன்னொன்றும் சொல்கிறேன். 1918 நவம்பர் புரட்சியோடு தணிக்கை ஒழிந்தது. அந்த இடைவெளியில்தான் இந்தப் படம் வந்தது. 1919 அரசியல் சட்டம் தணிக்கை கிடையாது என்று எழுதிவிட்டு, சினிமாவுக்கு மட்டும் விலக்கு வைத்தது. 1920 மே மாதம் திரைப்படச் சட்டம் வந்தது. படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அழைத்த மூன்று நிபுணர்கள் கிரேப்லின், மோல், பிளாட்செக். மூவருமே ஹிர்ஷ்ஃபெல்டின் கருத்துகளுக்கு எதிரானவர்கள். படித்தவர்கள் சேர்ந்து, சட்டப்படி செய்த காரியம் இது. மீசை வைத்த ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டால் இவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள்.

தென்காசிக்காரன்:
நூறு வருஷத்துக்கு முந்தைய தடை கிடக்கட்டும் அண்ணே. நாயகன் சாகிற படத்தை இன்றைக்கு எதற்குப் போட வேண்டும்? பின் வரிசையில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

இளவெயில்:
அதன் பிறகு என்ன வருகிறது என்று இருந்து பார்த்தீர்களா? காதலன் கர்ட் தானும் சாகப் போகிறான். டாக்டர் தடுத்து, நீ உயிரோடு இருந்து போராடு என்கிறார். சட்டப் புத்தகத்தில் 175ஐ ஒரு கை கோடு போட்டு அடிக்கிறது. பாதியில் எழுந்து போனவர்கள் முடிவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தென்காசிக்காரன்:
நான் எழுந்து போனேன் என்று யார் சொன்னது? பக்கத்து இருக்கைக்காரர் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், இடம் மாறி உட்கார்ந்தேன். ஏற்பாட்டாளர்கள் அதைக் கவனித்தீர்களா?

பழைய ரீல்:
போன் கதையை அப்புறம் பேசலாம். 1920.

மௌனராகம்:
பின்னணிக்குப் போட்ட இசை யாருக்காவது பிடித்ததா? சாவு வீட்டில் சங்கு ஊதுகிற மாதிரி இருந்தது.

இளவெயில்:
இலவசமாக வாசிக்க வந்த பையனை அவமானப்படுத்தாதீர்கள்.

கருப்புக் காபி:
ரீல் சார், நீங்கள் 1920 என்று சொல்லச் சொல்ல, நாஜிகள் ஏதோ நல்லவர்கள் மாதிரி ஆகிறது.

பழைய ரீல்:
யார் வாயில் எதைத் திணிக்கிறீர்கள்? 1935ல் 175ஐ இன்னும் கொடூரமாக்கியது நாஜிகள். ஆட்களை முகாமுக்கு அனுப்பியது நாஜிகள். இதையெல்லாம் நான் மறுத்தேனா? ஆனால் நாஜிகள் போன பிறகு மேற்கு ஜெர்மனி அந்த 1935 சட்டத்தை அப்படியே 1969 வரை வைத்திருந்தது. 1957ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அது செல்லும் என்றது. 175 முழுதாக ஒழிந்தது 1994ல். இதற்கும் ஹிட்லர்தான் காரணமா? ஓட்டுப் போட்டு வந்த அரசுகள் செய்ததை அரசுகள் கணக்கில் எழுதுங்கள். ஒருபால் உறவைக் குற்றமாக்கிய நம் நாட்டு 377ஆம் பிரிவையும் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டு, 1947க்குப் பிறகு 2018 வரை வைத்திருந்தது யார் என்று கேட்காமல் விடுகிறோமே, அதே வியாதி.

இளவெயில்:
மியூனிக்கில் ஹிர்ஷ்ஃபெல்டை மண்டை உடைய அடித்துச் செத்துவிட்டார் என்று போட்டுவிட்டுப் போனார்களே, அதுவும் 1920தான். அடித்தவர்கள் யார்? யூத வெறுப்புக் கும்பல். அந்தக் கும்பல்தான் பிறகு ஆட்சிக்கு வந்தது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் சுவர் கட்டுகிறீர்கள்.

பழைய ரீல்:
அடித்தது கும்பல். தடை செய்தது அரசு. போஸ்டரில் இருப்பது 'தடை'.

மௌனராகம்:
வயலின்காரராக நடித்த கான்ராட் வெய்ட் பிறகு நாஜிப் படங்களில் நடித்தவர்தானே?

பழைய ரீல்:
ஐயோ! போன வருஷமும் இதையே எழுதினீர்கள், அப்போதே சொன்னேன். வெய்ட் 1933ல் ஜெர்மனியை விட்டு வெளியேறி பிரிட்டன் போனவர். 'காசாபிளாங்கா'வில் நாஜி அதிகாரி வேஷம் போட்டார், அது நாஜிகளுக்கு எதிரான படம். மறுபடி மறுபடி ஒரு நல்ல மனிதர் மேல் சேறு அடிக்கிறீர்கள்.

மௌனராகம்:
கேள்விதான் கேட்டேன். உங்களிடம் யாரும் கேள்வி கேட்கக் கூடாதா?

இளவெயில்:
அவரிடம் கேட்கக் கூடாது. அரங்கத்திலும் அப்படித்தான், கேள்வி நேரம் மொத்தத்தையும் அவரே பேசினார். முதல் முறை வந்திருந்த இரண்டு பேர் கை தூக்கியபடியே இருந்தார்கள், வாய்ப்பே கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் வருத்தம்.

பழைய ரீல்:
தப்பான தகவலோடு அவர்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் பேசினேன். அடுத்த மாதம் மறுபடி போடுகிறீர்களாமே, போஸ்டரில் அந்த வரியை எடுங்கள்.

இளவெயில்:
எடுக்க மாட்டேன். ஆட்கள் வருவதே அந்த வரியைப் பார்த்துத்தான்.

பழைய ரீல்:
அப்படியானால் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் 1920 என்று சொல்வேன்.

தென்காசிக்காரன்:
அந்தப் போன்காரரையும் அப்படியே வாசலில் நிறுத்துங்கள்.