சத்தம் கேக்குது, புள்ளி விழேல்லை: இலத்திரன் ஹோகுவுக்குப் பிள்ளையளை எப்பிடித் தயார்ப்படுத்துறது?

பி_ரி_வாத்தியார் (யாழ்ப்பாணம்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பாடசாலையிலை 15 முதல் 17 வயது வரை ஒன்பது பேருக்குத் தைக்குவாண்டோ சண்டைப் பிரிவு பழக்கிறன். அஞ்சு பெடியள், நாலு பொம்பிளைப் பிள்ளையள். கையிலை இருக்கிறது ஒருபக்கம் சிவப்பு மறுபக்கம் நீலமான நாலு சாதாரண ஹோகு (உடம்புக் கவசம்), மூண்டு தலைக்கவசம், கணைக்காலையும் பாதத்தையும் சேர்த்து மூடுற பழைய கால் கார்ட் கொஞ்சம். வரப்போற மாகாணப் போட்டி, அடியைத் தானே பதியிற இலத்திரன் ஹோகுவிலை எண்டு சொல்லினம். இரவல் வாங்கிப் போட்டுப் பாத்தம். மண்டபம் அதிர அடிச்ச அடிக்குப் புள்ளி இல்லை. சும்மா முன்காலாலை தட்டினதுக்கு ரெண்டு விழுது.

என்னத்தை மாத்திப் பழக்கிறது? ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமா எது கட்டாயம், எதைப் பொதுவிலை வைச்சிருக்கலாம்? ஒரு பிள்ளைக்குப் பல்லிலை கம்பி போட்டிருக்கு, அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

மூலைக்கதிரை எழுதியது:

வாத்தியார், பிள்ளையளின்ரை அடியிலை பலம் காணாது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. நீங்கள் சொல்லுறதைப் பாத்தாப் பிழை பெரும்பாலும் தூரத்திலைதான்.

இலத்திரன் ஹோகுவிலை புள்ளி விழ ரெண்டு காரியம் ஒண்டா நடக்கோணும். காலுறையிலை தைச்சிருக்கிற காந்தத் துண்டு ஹோகுவின்ரை உணரிப் பகுதிக்கு வந்து சேரோணும். அந்த அடி, அந்த எடைப் பிரிவுக்கு மெசினிலை போட்டு வைச்ச அளவையும் தாண்டோணும். காந்தம் பாதத்திலைதான் இருக்கு, கணைக்கால் எலும்புப் பக்கம் ஒண்டுமே இல்லை. சாதாரண ஹோகுவிலை பெரிய சத்தம் போடுறது கனதரம் கணைக்காலாலை விழுற அடி. நடுவர் சத்தத்தைக் கேட்டுப் பொத்தான் அமத்தின காலத்திலை அது புள்ளி. மெசினுக்கு அது அடியே இல்லை.

இரவல் ஹோகு இல்லாமலே இதைச் சரிபார்க்கலாம். கணுக்கால் மடிப்பிலையிருந்து விரலடி மட்டும் புறங்காலிலை வெள்ளை வெண்கட்டி நல்லாப் பூசுங்கோ. கணைக்காலிலை மஞ்சள் வெண்கட்டி. ஹோகுவை நீலப் பக்கம் வெளியிலை தெரியக் கட்டி, அரைப் பலத்திலை பத்து டோல்யோ சாகி (பக்கத்தாலை வளைச்சு அடிக்கிற உதை) அடிக்க விட்டிட்டுக் கிட்டப் போய்ப் பாருங்கோ. விலாப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை அப்பியிருந்தாத் தூரம் சரி. மஞ்சள் கோடு சரிவா விழுந்திருந்தாப் பிள்ளை ஒரு பாதம் அளவு கிட்ட நிக்குது. விரல் நுனி போலச் சின்னப் பொட்டுகள் மட்டும் எண்டாத் தூரம் கூட. அந்தத் தூரத்திலை முழுப் பலமா அடிச்சாப் பெருவிரல் மடங்கிப் போகும், கவனம்.

மஞ்சள் விழுறவைக்கு ரெண்டு மருந்து. அடிக்க முதல் நிக்கிற காலை அரைப் பாதம் பின்னுக்குச் சறுக்கிறது ஒண்டு. முழங்காலை முதல் நெஞ்சுக்கு நேரை மடிச்சுத் தூக்கிப் பேந்து விரிக்கிறது மற்றது. நேரடியாக் காலை வீசினா முழங்காலுக்குக் கீழை எல்லாம் ஒரே கட்டையாப் போய்க் கணைக்கால்தான் முதல் படும். நிக்கிற காலின்ரை குதியையும் பாருங்கோ. அடி விழுற நேரம் அது எதிராளியைப் பாத்தபடி திரும்பியிருக்கோணும். திரும்பாட்டிப் புறங்கால் தட்டையா விழாது, முழங்கால் மூட்டும் முறுகும். சீமெந்து நிலத்திலை வெறுங்காலோடை பழகிற இடங்களிலை இந்தப் பிழை கூட, ஏனெண்டா நிலம் பாதத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஏலுமெண்டாச் சண்டைப் பயிற்சிக்கு எண்டாலும் மெத்தை போடுங்கோ.

கணைக்காலையும் பாதத்தையும் சேர்த்து மூடுற கார்ட்டைப் போட்டியிலை போடேலாது, காந்தக் காலுறைதான் வெளியிலை நிக்கோணும். கடைசி ஒரு மாசமாவது கணைக்காலுக்குத் தனிக் கார்ட் போட்டுப் பழக்குங்கோ. தடிச்ச பாதப் பஞ்சுக்குப் பழகின கால், மெல்லிசான காலுறையோடை முழங்கையிலை படேக்கை துடிச்சுப் போகும்.

சிவப்பு_நீலம் எழுதியது:

நடுவர் பக்கத்திலிருந்து சில விடயங்கள்.

உடம்புக்குச் செல்லுபடியாகும் உதைக்கு 2, தலைக்கு 3. சுழன்று அடித்தால் உடம்புக்கு 4, தலைக்கு 5. குத்துக்கு 1. உதை பட்டதைக் கருவி பதியும். சுழற்சிக்கான மேலதிக 2 புள்ளிகளையும் குத்தையும் மூலை நடுவர்கள்தான் பொத்தானை அழுத்திக் கொடுப்பார்கள். சுழன்று அடிக்கும் பிள்ளை உடம்பை முழுமையாகத் திருப்ப வேண்டும், பாதித் திருப்பத்துக்கு அந்த 2 கிடைக்காது. குத்து நேராக, கை நீண்டு, எதிராளியின் உடம்பு அசையும்படி விழ வேண்டும். தலைக்குக் குத்துவது தடை.

2022 முதல் உலகத் தைக்குவாண்டோ அமைப்பின் போட்டிகள் மூன்று சுற்றில் இரண்டை வெல்லும் முறைக்கு வந்துவிட்டன. சுற்று 2 நிமிடம், ஓய்வு 1 நிமிடம். உள்ளூர்ப் போட்டியில் நேரத்தைக் குறைப்பதுண்டு. முதற் சுற்றை எவ்வளவு பெரிய வித்தியாசத்தில் வென்றாலும் அடுத்த சுற்று பூச்சியத்தில் இருந்துதான். சுற்றுச் சமநிலையானால் முதலில் பார்ப்பது சுழற்சி உதையில் எடுத்த புள்ளியை. எனவே பின்கால் டிட் சாகி (திரும்பிப் பின்னோக்கி அடிக்கும் உதை) ஒன்றாவது ஒவ்வொரு பிள்ளையிடமும் நம்பிக்கையாக இருக்கட்டும்.

கம்-ஜம் (நடுவர் தரும் தண்டனை) ஒவ்வொன்றும் எதிராளிக்கு 1 புள்ளி. ஒரே சுற்றில் ஐந்து வாங்கினால் சுற்றே போய்விடும். பாடசாலைப் பிள்ளைகள் அதிகம் வாங்குவது விழுவதற்கும், 8 மீற்றர் எண்கோணத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கும், சட்டையைப் பிடிப்பதற்கும்தான். முன்காலைத் தூக்கியே வைத்திருப்பதும் அடுத்ததாக வரும். காலைத் தூக்கி 3 செக்கனுக்கு மேல் அடிக்காமல் நின்றால் தண்டனை. கட்டிப்பிடித்த நிலையில் முழங்காலை வெளியே திருப்பிப் பாதத்தின் பக்கத்தால் ஹோகுவைத் தட்டுவதும் 2018 க்குப் பின் தண்டனைதான். காணொளிகளில் பழைய போட்டியைப் பார்த்து அதைப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள்.

பரிசோதனை மேசையில் பார்ப்பவை: கணைக்கால், முன்கை, இடுப்புக் கவசங்கள் மூன்றும் டோபோக்குக்கு (தைக்குவாண்டோ உடைக்கு) உள்ளே. கையுறை, பற்கவசம் கட்டாயம். பற்கவசம் வெள்ளையாகவோ நிறமற்றதாகவோ இருக்க வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும், தலைமயிரில் உலோகக் கிளிப் கூடாது. இடுப்புக் கவசம் பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயம், அவர்களுக்கான வடிவம் வேறு. களத்துக்கு வந்தபின் நேரம் கடத்துவதற்காகக் கவசத்தை இழுத்துத் திருத்தினால் அதற்கும் கம்-ஜம்.

சாமான்_பெட்டி எழுதியது:

சேர், வாங்கிறதைப் பற்றி நான் சொல்லுறன்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிய வேண்டியது பற்கவசம், இடுப்புக் கவசம், கையுறை, முன்கைக் கார்ட், கணைக்கால் கார்ட். முதல் ரெண்டையும் ஒருத்தர் போட்டதை மற்றவர் போடவே கூடாது. ஹோகுவும் தலைக்கவசமும் பொதுவிலை இருக்கலாம், ஆனா ஒரே அளவிலை நாலு வாங்காதேங்கோ. ஹோகு கழுத்தடியிலையிருந்து இடுப்பெலும்பு மேல்விளிம்பு வரை நிக்கோணும். பிள்ளை முழங்காலை நெஞ்சுக்குத் தூக்கேக்கை கழுத்து விளிம்பு நாடியிலை இடிச்சா அது பெரிசு. கட்டினாப்பிறகு நாடாவுக்குக் கீழை ரெண்டு விரல் போகக் காணும். அதைவிட இளகினாச் சுழலேக்கை ஹோகு பக்கத்துக்குத் திரும்பி விலா வெளியிலை வந்திடும்.

காந்தக் காலுறையை அவசரப்பட்டு வாங்காதேங்கோ. டேடோ கொம்பனி மெசினுக்கு டேடோ காலுறை, கே.பி.என்.பி. கொம்பனி மெசினுக்கு அதின்ரை காலுறை. ஒண்டுக்கு வாங்கினது மற்றதிலை வேலை செய்யாது. போட்டி அறிவித்தல் வந்தாப்பிறகு எந்த மெசின் எண்டு கேளுங்கோ, காலுறை அங்கை தருவினமோ எண்டும் கேளுங்கோ. தொளதொளத்த காலுறையிலை காந்தம் உள்ளங்காலுக்கு நழுவிப் போகும், அதாலை சப்பாத்து அளவுக்குச் சரியா எடுக்கோணும்.

சுடுதண்ணிப் பற்கவசத்தைக் கனபேர் பிழையாத்தான் செய்யினம். தண்ணி கொதிச்சதும் அடுப்பிலையிருந்து இறக்கி அரை நிமிசம் விடுங்கோ. பெட்டியிலை போட்டிருக்கிற செக்கன் அளவுக்குத்தான் கவசத்தை அமிழ்த்தோணும், கூட விட்டா உருகிச் சுருண்டிடும். எடுத்துப் பச்சைத்தண்ணியிலை ஒருக்கா முக்கி, மேல் பல்லிலை வைச்சுக் கடிச்சு, காத்தை உறிஞ்சி, வெளியிலையிருந்து விரலாலை சொண்டை அமத்தோணும். நாக்காலை உள்பக்கத்தைத் தள்ளோணும். அரை நிமிசத்தாலை எடுத்துக் குளிர் தண்ணியிலை போடுங்கோ. வாயைத் திறந்தா விழாமல் நிண்டால் சரி. விழுந்தா முன்பல்லு அடையாளம் ஆழமா வரேல்லை எண்டு அர்த்தம், திரும்ப ஒருக்காச் செய்யலாம். பேந்து அதை வெயில் படுற இடத்திலை, மோட்டச்சைக்கிள் சீற்றுக்குக் கீழை எல்லாம் வைக்காதேங்கோ, எங்கடை வெக்கைக்கு வளைஞ்சு போகும்.

பல்லிலை கம்பி போட்ட பிள்ளைக்கு இந்த வகை கூடாது, இளகின பிளாஸ்ரிக் கம்பிக்குள்ளை போய்ப் பிடிச்சிடும். கம்பிக்கெண்டே வாற, உருக்காத சிலிக்கன் வகை இருக்கு. எதை எடுத்தாலும் கம்பி போட்ட பல் வைத்தியரிட்டைக் காட்டிப்போட்டுப் போடுங்கோ.

ஹோகுவைத் தண்ணியிலை ஊறப்போட வேண்டாம். ஈரத்துணியாலை துடைச்சு, நிழலிலை, விரிச்சபடி தொங்கவிடுங்கோ. வெயிலிலை காயவிட்டா மேல்தோல் வெடிக்கும், மடிச்சு அடுக்கினா உள்பஞ்சு மடிப்பிலை செத்துப்போகும்.

பி_ரி_வாத்தியார் எழுதியது:

மெத்தப் பெரிய நன்றி. இண்டைக்குப் பின்னேரம் வெண்கட்டி பூசிப் பாத்தம். ஒன்பது பேரிலை ஆறு பேருக்கு மஞ்சள்தான் விழுது. இன்னும் ஒரு கேள்வி. முன்காலாலை தட்டி எடுக்கிறவைக்கு எதிரா எப்பிடி உள்ளை போறது? எங்கடை பிள்ளையள் நேரை பாய்ஞ்சு போய் அந்தக் காலிலேயே முட்டினம்.

மூலைக்கதிரை எழுதியது:

நேரை போனா முட்டத்தான் செய்யும். அந்தக் கால் இறங்கிற நேரத்தைத்தான் பிடிக்கோணும். அரை அடி உள்ளை போறமாதிரி தோளை மட்டும் அசைச்சுக் காட்டுங்கோ. அவர் காலைத் தூக்குவார். நீங்கள் வெளிப்பக்கமா, அவரின்ரை முதுகுப் பக்கம் ஒரு அடி வையுங்கோ. பாதம் நிலத்தைத் தொடுற நேரம் அவரின்ரை பாரம் முன்னுக்கு வரும், உடனை திரும்பத் தூக்கேலாது. அப்ப பின்கால் டோல்யோ சாகி திறந்த வயித்துப் பக்கம் போகோணும். முதுகுப் பக்கத்துக்கு அடிச்சாப் புள்ளி இல்லை.

சோடி சோடியா விட்டு, ஒருத்தர் முன்கால் மட்டும், மற்றவர் தோள் அசைவு, பக்க அடி, பின்கால் மட்டும் எண்டு 30 செக்கன் செய்விக்கலாம். பேந்து மாத்துங்கோ. ஒரு நாளைக்கு ஆறு சுற்றுக் காணும், அதுக்கு மேலை களைச்சால் பிள்ளையள் திரும்பக் கிட்டப்போய்க் கணைக்காலாலை அடிக்கத் தொடங்குவினம். கையை விரிச்சுத் தடுக்க விடாதேங்கோ. விரல் முறியிறது அப்பிடித்தான். கை பொத்தினபடி, முன்கை ஹோகுவிலையிருந்து ஒரு சாண் வெளியிலை நிக்கட்டும்.

தலைக்கவசம் வெட்டுக் காயத்தையும் நிலத்திலை மண்டை அடிபடுறதையும் குறைக்கும், உள்ளை மூளை குலுங்கிறதை நிப்பாட்டாது. பயிற்சியிலை தலைக்கு அடி வாங்கின பிள்ளை தலைச்சுத்து, சத்தி, வெளிச்சம் கூசுது எண்டு சொன்னா அண்டைக்கு அதோடை சரி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போய்க் காட்டுங்கோ, வைத்தியர் சொல்லாமல் திரும்ப ஹோகு கட்டவேண்டாம்.

எடைக்காகத் தண்ணியை நிப்பாட்டவும் விடாதேங்கோ. ஜூனியர் பெடியளுக்கு உலக அளவிலை 45, 48, 51, 55 கிலோ எண்டு மூண்டு நாலு கிலோ இடைவெளிதான், மேல் பிரிவிலை இறங்கினாலும் சமாளிக்கலாம். இந்த வெக்கையிலை தண்ணியில்லாமல் வாற பிள்ளைக்கு ரெண்டாவது சுற்றிலை கால் தூக்கேலாது. ஜீவனிப் (உப்புச்சீனிக் கரைசல்) பொதி ரெண்டை, அதிலை எழுதியிருக்கிற அளவுத் தண்ணியிலை கரைச்சுக் கொண்டு போங்கோ. சுற்றுக்கு நடுவிலை ரெண்டு முடறுக்கு மேலை குடுக்க வேண்டாம்.