விளக்கொளியில் ஆர்க்கிட்: இலை செழிக்கிறது, பூ வரவில்லை

கேள்வி

வணக்கம். வெயில் எட்டாத ஓர் அறையில் மூன்று ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் செடிகளைப் பதினான்கு மாதங்களாக எல்இடி விளக்குகளின் கீழ் வளர்த்து வருகிறேன். வாங்கியபோது மூன்றிலும் பூ இருந்தது. அவை உதிர்ந்த பிறகு இன்றுவரை ஒரு பூந்தண்டுகூடத் தோன்றவில்லை. இரண்டடி நீளமுள்ள இரண்டு வெள்ளை எல்இடி குழல்விளக்குகளை இலைகளிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். வெளிச்சம் போதாதோ என்ற அச்சத்தில் நாளொன்றுக்கு 18 மணி நேரம் எரிய விடுகிறேன். இலைகள் கரும்பச்சையாக நீண்டு, நுனி தளர்ந்து தொங்குகின்றன. பார்ப்பவர்கள் எல்லோரும் செடி நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஊதா நிறத்தில் எரியும் செடி விளக்குகளை வாங்கினால் பூக்குமா, அல்லது உரத்தில்தான் குறை இருக்கிறதா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முதல் மறுமொழி

நண்பருக்கு வணக்கம். கரும்பச்சை இலை செழிப்பின் அடையாளம் என்று பலரும் நம்புகிறார்கள். ஆர்க்கிட்டைப் பொறுத்தவரை அது ஒளிப் பசியின் அடையாளம். போதிய ஒளி பெறும் ஃபெலனாப்சிஸின் இலை சற்று வெளிறிய பச்சையாகவும், தடித்தும், விறைப்பாகவும் இருக்கும். இருக்கும் ஒளியைக் கூடுதலாகப் பிடிப்பதற்காகவே உங்கள் செடி இலையை நீட்டிப் பச்சையத்தைப் பெருக்கிக்கொண்டிருக்கிறது.

உரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் இலை இருக்கும் இடத்தில் எத்தனை லக்ஸ் (ஒளியின் செறிவை அளக்கும் அலகு) ஒளி விழுகிறது என்று அளந்து பாருங்கள். கைப்பேசியில் இயங்கும் லக்ஸ் அளவி துல்லியமானதன்று என்றாலும் ஓரளவுக்கு வழிகாட்டும். ஃபெலனாப்சிஸுக்கு 8,000 முதல் 12,000 லக்ஸ் வரை கிடைத்தால் நல்லது. விளக்கின் வாட் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, இலையைச் சேரும் ஒளியின் அளவன்று. 60 சென்டிமீட்டர் என்பது மிக அதிகமான உயரம். 25 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். ஆனால் ஒரே நாளில் இறக்காமல், இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக இறக்குங்கள். குறைந்த ஒளிக்குப் பழகிய இலை திடீரென மிகுந்த ஒளியைப் பெற்றால் வெளிறிய திட்டுகள் விழும், அவை மீண்டும் பச்சையாவதில்லை. விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் இருந்த இலையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் விளக்கைச் சற்றே உயர்த்துங்கள்.

18 மணி நேரம் என்பதை உடனே 12 அல்லது 13 மணியாகக் குறைத்துவிடுங்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. மரக்கிளைகளை வேரால் பற்றி வாழும் தொற்றுத் தாவரமான ஃபெலனாப்சிஸ், நீரிழப்பைத் தவிர்ப்பதற்காகப் பெரும்பாலும் இரவில்தான் அத்துளைகளைத் திறக்கிறது. அப்போது உள்வாங்கிய கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் ஒளி வந்த பிறகு அதிலிருந்து சர்க்கரையை உருவாக்குகிறது. ஆகவே இருளும் அதற்கு உழைக்கும் நேரம்தான். ஆறு மணி நேர இரவை மட்டும் கொடுத்தால், அது சேமிக்கும் பொழுதையே நாம் பறித்துக்கொள்கிறோம். ஒரு டைமரை மாட்டிவிட்டால் இந்தக் கவலை தீரும்.

ஊதா விளக்கு தேவையில்லை. அதிலும் செடி வளரும். ஆனால் அந்த ஒளியில் இலையின் உண்மையான நிறம் தெரியாது, பூச்சியும் அழுகலும் முற்றிய பிறகே கண்ணில் படும். தரமான வெள்ளை எல்இடியே போதும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்: ஒளியைச் சரிசெய்தாலும் அறை வெப்பமாகவே இருந்தால் பூந்தண்டு வராது. வெப்பநிலை தொடர்ந்து 28 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கும்வரை ஃபெலனாப்சிஸ் இலையை மட்டுமே விட்டுக்கொண்டிருக்கும். சில வாரங்கள் 25 பாகைக்குக் கீழே இறங்கினால்தான் பூக்கும் எண்ணமே அதற்கு வருகிறது. நானும் இரண்டு ஆண்டுகள் விளக்கையே குறை சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, குளிர்ந்த பருவத்தில் செடிகளை அறையின் மிகக் குளிர்ச்சியான மூலைக்கு மாற்றிய பிறகுதான் பூவைப் பார்த்தேன்.

விளக்கு நெருங்கினால் தொட்டியில் நிரப்பிய மரப்பட்டைத் துண்டுகள் விரைவாகக் காயும் என்பதால், நீர் ஊற்றும் இடைவெளியும் மாறும். நாட்காட்டியைப் பார்த்து ஊற்றாமல் வேரைப் பார்த்து ஊற்றுங்கள். வேரைப் போர்த்தியிருக்கும் வெலாமன் என்னும் பஞ்சு போன்ற திசு உலர்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும், நனைந்த சில நொடிகளில் பச்சையாகவும் மாறும். ஒளி ஊடுருவும் தொட்டியாக இருந்தால் உள்வேர்களிலும் இதைக் காணலாம். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கினால் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்; காற்றோட்டமில்லாத அறையில் அந்த ஒரு துளியே குருத்தை அழுகச் செய்துவிடும். ஒரு சிறு மின்விசிறி மெதுவாகச் சுழன்றுகொண்டிருப்பது மிகவும் நல்லது.

கேட்டவர்

இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அளந்து பார்த்ததில் திகைத்துப்போனேன்: பழைய உயரத்தில் இலைமேல் 1,800 லக்ஸ் மட்டுமே விழுந்திருக்கிறது. மூன்று வாரங்களில் விளக்கை 25 சென்டிமீட்டருக்கு இறக்கியபோது 6,000 லக்ஸ் கிடைத்தது. இன்னொரு குழல்விளக்கைச் சேர்த்த பின் நடுவில் 8,500 ஆகியிருக்கிறது. ஓரங்களில் குறைவாக இருப்பதால் செடிகளை வாரம் ஒருமுறை இடம் மாற்றுகிறேன். டைமரில் 13 மணி நேரம் வைத்திருக்கிறேன். புதிதாக விரியும் இலை குட்டையாகவும் தடிப்பாகவும் வருகிறது. இதே தட்டில் டென்ட்ரோபியம் என்னும் வேறு வகை ஆர்க்கிட் ஒன்றையும் வைக்கலாமா? இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஒரு செடியில் கீழிலையின் அடியிலிருந்து பச்சை நிறத்தில் ஏதோ ஒன்று அரைச் சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. அது வேரா, தண்டா என்று தெரியவில்லை.

முதல் மறுமொழி எழுதியவர்

டென்ட்ரோபியங்களில் பெரும்பாலானவை 20,000 லக்ஸையும் தாண்டிக் கேட்பவை. இந்தத் தட்டில் அது உயிரோடு இருக்கும், பூப்பது கடினம். அதற்குத் தனியாக வலுவான விளக்கு அமையும்வரை காத்திருங்கள்.

முளையின் நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நுனி உருண்டு வழவழப்பாக, பின்பகுதி வெள்ளிப் பூச்சோடு இருந்தால் அது வேர். நுனி சற்றே தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்த சிறு செதில்களோடு, கட்டைவிரல் மட்டும் பிரிந்த கையுறைபோல் தோன்றினால் அது பூந்தண்டு. எதுவானாலும் இப்போது தொட்டியைத் திருப்பாதீர்கள். தண்டாக இருந்தால் ஒளியை நோக்கி வளரும், திருப்பத் திருப்பக் கோணலாகிவிடும். வாராந்தர இடமாற்றத்திலிருந்து அந்தச் செடிக்கு மட்டும் விலக்கு அளியுங்கள். பழுத்த பழங்களை அதன் அருகில் வைக்காதீர்கள், அவற்றிலிருந்து வெளிவரும் எத்திலீன் வாயு மொட்டுகளை உதிர்த்துவிடும். பத்து நாள் கழித்து நுனி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், ஆவலோடு காத்திருக்கிறேன்.