நாகர்கோவில் கோணத்துல நடக்குற டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இலவச வகுப்பு: வேலையில இருக்குற டீச்சர்மாரு சேரலாமா?

திருவட்டார்_டீச்சர்
நான் ஒன்றியத் தொடக்கப்பள்ளியில இடைநிலை ஆசிரியை. 2004-ல சேந்தப்ப டெட்னு ஒரு வார்த்தையே கிடையாது. இப்ப வயசு 46. 2025 செப்டம்பர் 1-ல சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்புல, வேலையில இருக்குறவங்களும் டெட் பாஸாகணும், ரிட்டயர் ஆக அஞ்சு வருஷத்துக்குக் குறைவா சர்வீஸ் மிச்சம் உள்ளவங்களுக்குத்தான் விலக்கு, அதுவும் பதவி உயர்வு கேக்காம இருந்தா. எனக்கு இன்னும் 14 வருஷம் கெடக்கு. தீர்ப்பு வந்ததுல இருந்து ரெண்டு வருஷத்துல பாஸாகணும்.

மார்த்தாண்டத்துல ஒரு தனியார் சென்டர்ல 15 ஆயிரம் கேட்டாவ. எனக்க மக ப்ளஸ் டூ, வீட்டு லோன் வேற. நாகர்கோவில் கோணம் வேலைவாய்ப்பு ஆபீஸ்ல அரசு செலவுல வகுப்பு உண்டுன்னு கேள்வி. வேலை தேடுற பிள்ளைகளுக்கு மட்டுந்தானா? பள்ளிக்கூடம் விட்டு பஸ் ஏறினா தக்கலை தாண்டவே இருட்டிரும்.

அஞ்சாம் வகுப்பு கணக்குக்குப் பயமில்ல, 20 வருஷமா நடத்துறதுதானே. குழந்தை மேம்பாடும் உளவியலுந்தான்... குழந்தைகளுக்க அறிவு வளர்ச்சிக்குப் பியாஜேன்னு ஒரு உளவியலாளர் எத்தனை நிலை சொன்னாருன்னு ஓர்மையே இல்ல. முன்னால இருக்குற 23 பிள்ளைகளுக்க உளவியல் மட்டும் அத்துப்படி!

கோணம்_பேட்ச்
அக்கா, அதுக்குப் பேரு தன்னார்வ பயிலும் வட்டம். ஃபீஸ் கிடையாது. நான் படிச்ச பேட்ச் வாரநாள்ல, அதுவும் பகல்ல. உங்களுக்கு அதுதான் இடிக்கும். சேக்க முடியுமான்னு ஒருநாள் நேர்ல போய்க் கேளுங்க. ஆதார் நகலும் போட்டோவும் கையில இருக்கட்டு. மாதிரித் தேர்வு என்னைக்கு வைக்காவன்னும் கேட்டுட்டு வாங்க. எனக்கு வகுப்பை விட அதுதான் பிரயோஜனப்பட்டுது.

பென்ஷன்_வாத்தியார்
டீச்சரே, நாலு நிலை. மூணாப்புப் பிள்ளை புளியங்கொட்டைய நிரத்தி வச்சாத்தான் கூட்டும், எடுத்துட்டா முழிக்கும் இல்லியா? அதுதான் மூணாவது, பருப்பொருள் நிலை. மீதி மூணையும் இதுபோல உங்க வகுப்புலயும் வீட்டுலயும் தேடிப் பிடிங்க, காசு குடுத்து நோட்ஸ் வாங்காதீங்க. முதல் தாள்ல 150 கேள்வி: உளவியல், தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொண்ணுலயும் 30. தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாவ, ஒண்ணையும் விடாதீங்க. பாடப் புத்தகம் எல்லாம் பாடநூல் கழகத்துக்க தளத்துல சும்மாவே கிடைக்கும்.

கருங்கல்_மிஸ்
நாங்க சிறுபான்மைப் பள்ளி. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிக்குப் பொருந்தாதுன்னு சொன்ன 2014 தீர்ப்பை நம்பி இருந்தோம், இப்ப அதையே பெரிய அமர்வு பாக்கணுமான்னு முடிவெடுக்க தலைமை நீதிபதிக்கு அனுப்பிட்டாவ. அது வாறது வர காத்திருக்க எனக்குத் தைரியமில்ல. வீட்டுக்காரர் ரப்பர் வெட்டப் போக எழும்பும்போ நானும் எழும்பிப் படிக்கேன். தனியா இருந்தா உறக்கந்தான் வருது. சனிக்கிழமை தக்கலையில சேந்து படிப்போமா? இன்னும் ரெண்டு பேர் உண்டு.

திருவட்டார்_டீச்சர்
வாறேன் மிஸ். திங்கக்கிழமை அரை நாள் லீவு போட்டு கோணத்துக்கும் போய்க் கேட்டுட்டு இங்க எழுதுறேன். சாருக்கு நன்றி. சனிக்கிழமை புளியங்கொட்டை நான் கொண்டு வாறேன்.