பிளேடால் சுரண்டியதும் 3 அய்ப்டேசியா 41 ஆகிவிட்டது: பாறையை எடுத்துக் கொதிக்க வைக்கலாமா?

களியக்காவிளை (கேள்வி கேட்டவர்):

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. 3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரம். தண்ணீர் சுமார் 190 லிட்டர் பிடிக்கும். கீழே சின்ன சம்ப் (தண்ணீர் வழிந்து வந்து சேரும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையோடு அழுக்கைப் பிரிக்கும் கருவி) உண்டு. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீன், மூன்று மஷ்ரூம் பவளம், ஒரு கல் நிறைய ஸோவாந்தஸ் (சுருக்கமாக ஸோவா; பூப் போலத் தலை தலையாக விரியும் பவள உறவு உயிர்).

மே மாதம் அந்த ஸோவா கல்லை வாங்கி வந்தபோது அதன் அடியில் பழுப்பாக, கண்ணாடி போல, ஒரு சின்னப் பூ இருந்தது. விரல் நகம் அளவுதான். மகளுக்குப் பிடித்திருந்தது, விட்டுவிட்டேன். ஜூலையில் மூன்று ஆனது. அது தொட்டியில் களை போலப் பெருகும் அய்ப்டேசியா என்று தெரிந்ததும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். பக்கத்தில் போனாலே ஓட்டைக்குள் சுருங்கிவிடுகிறது, பாதிதான் கையில் வந்தது. நேற்று டார்ச் அடித்து எண்ணினேன், 41. ஸோவாவில் 11 தலையில் 4 மட்டும்தான் விரிகிறது. மகள் பள்ளி விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் முதலில் அந்த ஸோவாவைத்தான் போய்ப் பார்ப்பாள். மனசு கேட்கவில்லை.

உப்பு அடர்த்தி 1.023, வெப்பம் 27 டிகிரி, நைட்ரேட் 40, பாஸ்பேட் 0.25, கேஎச் (தண்ணீரின் காரத்தன்மை அளவு) 7.5. தண்ணீர் தேங்காய்ப்பட்டணத்தில் எடுப்பது, வாரம் 20 லிட்டர் மாற்றுகிறேன். உறைந்த இறால் தினம் இரண்டு வேளை போடுகிறேன்.

பாறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தால் ஒரேயடியாகத் தீருமா? ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று இருக்கிறேன்.

பாறசாலை:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அண்டாவை அடுப்பில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

ஸோவாந்தஸ், பாலித்தோவா இனங்களில் பாலிடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். எல்லா வகையிலும் ஒரே அளவில் இருக்காது, ஆனால் எதில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கல்லைக் கொதிக்க வைத்தால் நஞ்சு ஆவியோடு கலந்து வீடெல்லாம் பரவும். இப்படிச் செய்து குடும்பத்தோடு மூச்சுத் திணறலும் காய்ச்சலுமாக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு. வெந்நீரை ஊற்றித் தேய்த்தாலும் இதே ஆபத்துதான். உங்கள் வீட்டில் பிள்ளை இருக்கிறாள்.

பிளேடால் சுரண்டினீர்களே, கையுறை போட்டிருந்தீர்களா? கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது ஸோவா கல்லைத் தொடாதீர்கள். தொட்டிக்குள் கை விட்டால் வெளியே எடுத்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அதற்கு முன் கண்ணைக் கசக்கக் கூடாது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நானும் ஸோவா வளர்க்கிறேன், அதன் நிறத்துக்கு ஈடாக ஒன்றும் கிடையாது. பழக்கத்தை மட்டும் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டம்:

எலுமிச்சைச் சாறை ஊசியில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் குத்தினால் போதும், நான் ஏழெட்டை அப்படித்தான் கொன்றேன். இல்லையென்றால் வெற்றிலைக்குப் போடும் நூறு இருக்கிறதே, அதைக் குழைத்து அப்பிவிடுங்கள். சுண்ணாம்புதானே. அப்புறம், மணல் அழுக்காக இருந்தால் ஒரு கடல் அட்டை வாங்கிப் போடுங்கள், நன்றாகத் துப்புரவாக்கும்.

நாகர்கோவில்:

மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன கடைசி யோசனையை முதலில் தள்ளி வைப்போம். கடல் அட்டைக்கு 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. பிடிப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். கடல்குதிரைக்கும் பாறை கட்டும் கல்பவளங்களுக்கும் அதே சட்டம்தான். லைவ் ராக் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்) என்று விற்கும் கல்லிலும் பவளக்கல் இருக்கலாம், வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு ஏற்றினார்கள். அந்தக் கடலை நேசித்துத்தான் நாம் தொட்டி வைக்கிறோம், அதற்கு நம் கையாலேயே கேடு வரக் கூடாது.

இப்போது அய்ப்டேசியா. இது கடல் சாமந்தி இனம். அடிப்பாதத்திலிருந்து மிளகு அளவு ஒரு துணுக்கு பாறையில் ஒட்டிக்கொண்டு நின்றாலே போதும், அது தனி உயிராக வளர்ந்துவிடும். யாரும் தொடாவிட்டாலும் நகரும் வழியில் தானே இப்படித் துணுக்குகளை விட்டுக்கொண்டே போகும். பிளேடு வைத்தபோது 3 ஏன் 41 ஆனது என்று இப்போது புரியும். உடம்புக்குள் பாசி வைத்திருப்பதால் வெளிச்சத்திலும் பிழைக்கும், இறால் தூளிலும் பிழைக்கும்.

எலுமிச்சை வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஊசி உடம்புக்குள் சரியாக இறங்க வேண்டும். தப்பினால் சுருங்கிப் போய் நாலு நாளில் திரும்பி வரும். ஏழெட்டுக்குச் சரி. 41க்கு அவ்வளவு சாறு விட்டால் உங்கள் கேஎச் 7.5 இன்னும் இறங்கும்.

சுண்ணாம்புதான் நல்ல வழி. ஆனால் பெட்டிக்கடை நூறு வேண்டாம். சிலர் அதில் எண்ணெயும் வாசனையும் சேர்க்கிறார்கள், வேறு என்ன கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் இருக்காது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கால்சியம் ஹைட்ராக்சைடு என்று கேட்டு வாங்குங்கள், கால் கிலோ வருடக்கணக்கில் வரும். கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் பட்டால் வெந்துவிடும்.

ஒரு தேக்கரண்டித் தூளில் ஆர்ஓ தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு இட்லி மாவுப் பதத்துக்குக் குழையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, முனையில் இரண்டு அங்குல ஏர் டியூப் செருகுங்கள். பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் மோட்டார்), சம்ப்பிலிருந்து தண்ணீரை ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். தண்ணீர் அசையாமல் நின்ற பிறகு டியூப்பை மெல்ல, மேலேயிருந்து கொண்டு போங்கள். நிழல் விழுந்தால் அய்ப்டேசியா உள்ளே போய்விடும். அதன் இதழ் போன்ற கைகளுக்கு நடுவில் வாய் ஒரு கீறல் போலத் தெரியும். அந்த வாயின்மேல் ஒரு சொட்டு வையுங்கள். இரை என்று நினைத்து அதுவே இழுத்துக்கொள்ளும், அடுத்த நொடி சுருங்கும். அது போன ஓட்டையையும் மாவால் மூடிவிடுங்கள். 20 நிமிடம் பம்பைத் தொடக் கூடாது. ஸோவாமேல் விழுந்தால் அதுவும் செத்துப்போகும், அதனால் அதற்குப் பக்கத்தில் இருப்பதைக் கை பழகிய பிறகு செய்யுங்கள்.

ஒரு நாளைக்கு 5க்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும், 8.4ஐத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். 41ஐயும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தால் மீன்தான் முதலில் போகும்.

களியக்காவிளை:

பாறசாலை அக்கா, கையுறை போடவில்லை. படித்ததும் கை நடுங்கிவிட்டது. கொதிக்க வைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன், ரொம்ப நன்றி.

நாகர்கோவில் அண்ணா, பெப்பர்மின்ட் இறால் போட்டால் தின்றுவிடும் என்கிறார்களே? ஒரு கடையில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறாலைக் காட்டி அதுதான் என்றார்கள்.

பாறசாலை:

முதுகு கூனலாக, கண் பெரிதாக, வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிந்தால் அது ஒட்டக இறால். அய்ப்டேசியாவைத் தொடாது, உங்கள் மஷ்ரூமையும் ஸோவாவையும் கிள்ளித் தின்னும். பெப்பர்மின்ட் மங்கலாக, உடம்பு ஊடுருவித் தெரிவது போல இருக்கும், கோடுகள் சிவப்பாக மெலிசாக ஓடும். அதுவும் பசித்தால்தான் அய்ப்டேசியா பக்கம் போகும். நீங்கள் இரண்டு வேளை இறால் போட்டால் அது ஏன் போகிறது? பெர்கியா என்ற ஓடில்லா நத்தை இதை மட்டுமே தின்னும், ஆனால் நம் பக்கம் கிடைப்பது அபூர்வம். இரை தீர்ந்ததும் பட்டினியில் செத்தும்விடும்.

ரக்கூன் வண்ணத்துப்பூச்சி மீனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அய்ப்டேசியாவைத் தின்னும், ஸோவாவையும் விடாது. 3 அடித் தொட்டியில் அதற்கு இடமும் போதாது.

வள்ளவிளை:

அய்ப்டேசியா விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் வீடு கடலுக்குப் போகிற வீடு, அதனால் தண்ணீரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தேங்காய்ப்பட்டணத்தில்தான் குழித்துறை ஆறு கடலில் சேர்கிறது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஆறு செம்மண்ணாக இறங்கும். பொழிமுகத்துக்குப் பக்கத்தில் எடுத்த தண்ணீர் உப்பு குறைந்து 1.023 காட்டியதில் ஆச்சரியமே இல்லை. ஜூன் ஜூலை தடைக்காலம் முடிந்து போட்டுகள் இறங்கும்போது துறைமுகத்துக்குள் டீசல் படலம் மிதக்கும், அங்கே குடத்தை முக்கவே கூடாது.

இன்னொன்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் மேற்குக் கரையில் அடிக்கடல் தண்ணீர் மேலே ஏறி வரும். தண்ணீர் குளிர்ந்து பச்சை அடிக்கும், மீன் நிறையப் படும். அந்தத் தண்ணீரில் சத்து அதிகம், பாஸ்பேட்டும் சேர்ந்து வரும். எங்களுக்கு நல்லது, உங்கள் தொட்டிக்கு ஆகாது. மழைக் காலத்துக்கு உப்புப் பாக்கெட் வாங்கி ஆர்ஓ தண்ணீரில் கலக்குங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் தெளிந்து கிடக்கும்போது முட்டம் பக்கம் போய்ப் பாறை ஓரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்:

வள்ளவிளைக்காரர் சொன்னது பொன்னான விஷயம். தம்பி, உப்பை ஒரே நாளில் ஏற்றாதீர்கள், ஒரு வாரம் எடுத்து 1.025க்குக் கொண்டு வாருங்கள். இரையை ஒரு வேளையாக்குங்கள். இறாலை உருக்கி வலைவடிகட்டியில் ஆர்ஓ தண்ணீரில் அலசிவிட்டு, இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடுங்கள். இருப்பதைச் சுண்ணாம்பு கொல்லும். இரை குறையாவிட்டால் அதே இடத்தில் புதிதாக வந்துகொண்டேதான் இருக்கும்.

களியக்காவிளை (ஆறு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நடந்ததைச் சொல்ல வந்தேன். முதல் நாள் மூன்றுதான் முடிந்தது, கை பழகவில்லை. இரண்டாவது வாரத்தில் அவை வாயைத் திறந்து மாவை இழுப்பதைப் பார்க்க முடிந்தது. ஓர் இடத்தில் மாவு சிதறி ஸோவா தலை ஒன்று வெளுத்துப் போய்விட்டது. செத்தது போக அதே ஓட்டைகளில் ஒன்பது திரும்பி வந்தன, அவற்றுக்கு இரண்டாம் முறை வைத்தேன். நைட்ரேட் இப்போது 15, பாஸ்பேட் 0.08. மீதி இருந்த ஸோவா 10 தலையும் நேற்று விரிந்தன. மகள் ஒவ்வொன்றாக விரலால் எண்ணிவிட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

பாறையில் இப்போது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஓவர்ஃப்ளோ பெட்டியின் (தண்ணீர் சம்ப்புக்கு வழியும் பெட்டி) சீப்பு போன்ற தடுப்புக்குள் இரண்டு இருக்கின்றன. அங்கே சிரிஞ்ச் எட்டவில்லை. விட்டுவிடலாமா?

நாகர்கோவில்:

விடாதீர்கள், அங்கிருந்துதான் துணுக்கு ஓட்டத்தில் கிளம்பி சம்ப்புக்கும் பாறைக்கும் போகும். சீப்பு கழற்றும் மாதிரி என்றால் கழற்றி, ஒரு வாளியில் பாதி வினிகர் பாதி தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப் போடுங்கள். காலையில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டு மாட்டுங்கள். அந்த ராத்திரி ஓவர்ஃப்ளோ வாயில் ஒரு வலையைக் கட்டிவிடுங்கள், இல்லையென்றால் கோபி சம்ப்புக்குள் போய்விடும். சம்ப்பின் இருட்டு மூலையிலும் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள்.