நைந்த காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் ஆரி வேலை செய்யலாமா?

கேள்வி:
வணக்கம். 1984-ஆம் ஆண்டு அம்மாவின் கல்யாணத்துக்கு எடுத்த அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டுப்புடவை என்னிடம் இருக்கிறது. கரையும் முந்தானையும் பழுதில்லாமல் இருக்கின்றன. ஆனால் பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்ததால், உடல்பகுதியில் மடிப்பு விழுந்த இடங்கள் கோடு கிழித்தாற்போல் விட்டுப்போயிருக்கின்றன. அவற்றை மறைக்கும்படி கொடியும் பூவுமாக ஆரி வேலை செய்து தருவதாக எங்கள் ஊர்க் கடையில் சொல்கிறார்கள். தங்கையின் வளைகாப்புக்கு அவள் இதை உடுத்த வேண்டும் என்பது என் ஆசை. துணி தாங்குமா?

மறுமொழி 1:
நான் ஆரி வேலை செய்பவள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஆரிக்குத் துணியைச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். அந்த இழுப்பிலேயே மடிப்புகள் மேலும் விட்டுவிடும். கொக்கி ஊசி நெருக்கமாகக் குத்திக் குத்திச் சங்கிலித் தையலை எடுக்கும்போது நைந்த பட்டில் வரிசையாகத் துளைகள் விழும். அதன்மேல் மணியும் ஜர்தோசி என்னும் உலோகச் சரிகை வேலையும் ஏறினால், பூ நிற்கும், துணி போய்விடும். முதலில் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடத்தின் அருகே இரு கட்டைவிரல்களால் மெல்ல இழுக்கும்போது ‘சர்’ரென்று விட்டுக்கொடுத்தால், அந்தப் பட்டு மக்கிவிட்டது.

மறுமொழி 2:
வங்காளத்துக் காந்தா தையலைப் பரிசீலியுங்கள். அது வளர்ந்ததே உடுத்தி நைந்த துணியில்தான்: பழைய பருத்திப் புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, அந்தப் புடவைகளின் வண்ணக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையலால் ஒரே துணியாகச் சேர்ப்பார்கள். இழுவிசை ஓரிடத்தில் குவியாமல் பல தையல்களுக்குப் பரவுவதுதான் அதன் பலம். நன்றாகத் துவைத்துக் கஞ்சி போக்கிய பழைய மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துணியை, விட்டுப்போன கோட்டின் இருபுறமும் நான்கு விரல் அகலம் தள்ளி நிற்கும்படி அடியில் வையுங்கள். ஒற்றைப் பட்டு இழையில், நல்ல துணியில் தொடங்கி, கோட்டைக் குறுக்கே கடந்து, மறுபுறம் நல்ல துணியிலேயே முடியுங்கள். சட்டம் வேண்டாம், மேசைமேல் பரப்பித் தைத்தால் போதும். நூலை இறுக்கினால் துணி சுருங்கிக்கொள்ளும். கரையில் இருக்கும் மயிலையோ உருத்திராட்சத்தையோ கோட்டுருவமாக உடலில் தைத்தால், புடவையின் சொந்த வேலை போலவே தெரியும். எனக்குப் பிடித்தது கர்நாடகத்து இல்கல் சேலைகளில் போடும் கசூதி என்னும் பூத்தையல்தான். ஆனால் அதற்கு இழை எண்ணித் தைக்க வேண்டும் என்பதால், நைந்த துணிக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான்கு இடங்களில் கசிகிறது; உள்பக்கம் இடுப்பில் சொருகும் முனையருகே இரண்டு இடங்கள் இழுத்ததுமே விட்டுவிட்டன. அவற்றுக்கும் மல்மல் வைக்கலாமா?

மறுமொழி 2:
மக்கிய பட்டை எந்தத் தையலும் பிடித்து நிறுத்தாது. கட்டும்போது சொருகும் முனைதான் அதிக இழுப்பைத் தாங்குகிறது. அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டிவிட்டு, அதே கனமுள்ள அரக்கு நிறப் பட்டைப் புதிதாக இணையுங்கள். இணைப்பு கொசுவத்துக்குள் மறைந்துவிடும். மற்ற இரண்டு இடங்களுக்குக் காந்தா போதும். தைக்கும் முன் நூலை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துச் சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைத்த பிறகு புடவையைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். பட்டும் மல்மலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை.