புதுப்பிப்பு: வண்ணாரப்பேட்டைக் கடையில் எல்விஎம் போட்டாச்சு

போன வாரம் புலம்பியிருந்தேனே, பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மாமா கடையின் டெபியன் லினக்ஸ் கணினி பற்றி. நம் கோப்புகள் கிடக்கும் ஹோம் பகுதி நிரம்பி வழிய, சிஸ்டத்துக்கான ரூட் பகுதியில் 60 ஜிபி சும்மா கிடந்தது. நிறுவும்போதே எல்விஎம் (டிஸ்க் இடத்தை ஒரே குவியலாக்கி, வேண்டும்போது பகுதிகளுக்குக் கூட்டிக் கொடுக்கும் லினக்ஸ் வசதி) போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை.

ஞாயிறு கடை மூடியதும் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, மறுபடி நிறுவி, எல்விஎம்மைத் தேர்ந்தெடுத்தேன். வால்யூம் குழுவில், அதாவது அந்த மொத்த இடக் குவியலில், பாதியை எந்தப் பகுதிக்கும் (எல்விஎம்மில் இதுதான் வால்யூம்) ஒதுக்காமல் விட்டேன். "இவ்ளோ இடத்த ஏன்டா வீணாக்குற?" என்றார் மாமா.

வியாழக்கிழமை முகூர்த்த ஆர்டர் குவிந்து ஹோம் மறுபடி முட்டியது. பத்திரிகை கோப்பு திரையில் திறந்திருக்கும்போதே வால்யூமைப் பெரிதாக்கும் எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையில் ‘-ஆர்’ சேர்த்து, ஒதுக்காமல் விட்டதிலிருந்து 40 ஜிபி கூட்டினேன். அந்த ‘-ஆர்’தான் வால்யூமுக்குள் கோப்புகளை அடுக்கும் கோப்பு முறைமையையும் சேர்த்து வளர்க்கும், மறந்தால் வால்யூம் மட்டும் பெருகும், இடம் கண்ணில் படாது. மாமா கையிலிருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

"எல்விஎம்மில் பல டிஸ்கைச் சேர்த்தால், ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போகுமே" என்று போன பதிவுக்குக் கேட்டவருக்கு: சரிதான். ஒரே வால்யூமை இரண்டு டிஸ்கில் பரப்பினால் அந்த ஆபத்து உண்டு. எல்விஎம் பேக்கப் ஆகாது. அப்புறம், எக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையை ஓடும்போதே வளர்க்கலாம்; சுருக்க அன்மவுண்ட் செய்தே (பயன்பாட்டிலிருந்து கழற்றியே) ஆகணும். அதனால்தான் ஒவ்வொரு வால்யூமுக்கும் முதலில் குறைவாகக் கொடுங்கள் என்கிறேன்.

1998-லேயே லினக்ஸுக்கு வந்த வசதி இது. டெஸ்க்டாப் நிறுவிகள் இன்னும் ஏன் ஓரத்தில் ஒளித்து வைக்கின்றன?

வெளி டிஸ்க் இப்போது மாமாவின் கல்லாப்பெட்டியில், சில்லறைக்குப் பக்கத்தில்.