புதுப்பிப்பு: ஏஸ் கேட்கும் முறையை மாற்றினோம், கிளாவரில் மாட்டினோம்

போன மாதம் எங்கள் பிரிட்ஜ் சீட்டாட்டம் பற்றி இங்கே புலம்பியிருந்தேன்: இஸ்பேட் துருப்பு, பழைய பிளாக்வுட்படி (பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் என்று ஏலத்திலேயே கேட்கும் முறை) 4 நோ டிரம்ப் கேட்டேன், பார்ட்னர் 5 ஆட்டின் என்றார், அதாவது இரண்டு ஏஸ். என்னிடம் ஒன்று. ஒரு ஏஸ்தானே இல்லை என்று 6 இஸ்பேட் (13 டிரிக்கில், அதாவது பிடியில், 12 எடுப்பதாக ஏலம்) போனேன். துருப்பு ராஜாவும் எதிராளியிடம், ஒரு டிரிக்கில் தோற்றோம்.

பலரும் சொன்னபடி 1430 என்ற ஏஸ் கேட்கும் முறைக்கு மாறிவிட்டோம். துருப்பு ராஜாவையும் ஐந்தாவது ஏஸாக எண்ணுவதுதான் இதன் உயிர். பதில் 5 கிளாவர் என்றால் அந்த ஐந்தில் 1 அல்லது 4, 5 டைமண்ட் என்றால் 0 அல்லது 3. இரண்டு இருந்தால், துருப்பு ராணி இல்லாதபோது 5 ஆட்டின், இருந்தால் 5 இஸ்பேட். அன்று இது தெரிந்திருந்தால், ஐந்தில் இரண்டு இல்லை என்று 5 இஸ்பேடிலேயே நின்றிருப்பேன்.

ஆனால் நேற்று வேறு கூத்து. கிளாவர் துருப்பு, அந்த ஐந்தில் மூன்று என் கையில். ஆர்வக்கோளாறில் 4 நோ டிரம்ப். பதில் 5 டைமண்ட். மூன்று என்னிடமே இருப்பதால் அவரிடம் பூஜ்யம்தான், ஆனால் ஏலத்தில் டைமண்ட் கிளாவருக்கு மேல், கீழே இறங்கவும் முடியாது, 5 கிளாவரைத் தாண்டியாயிற்றே! 6 கிளாவர் போய், எதிராளி முதல் இரண்டு டிரிக்கிலேயே இரண்டு ஏஸையும் வைத்தார். பார்ட்னர் எதுவும் சொல்லவில்லை, டீயை மட்டும் சத்தமாக உறிஞ்சினார்.

இனி கிளாவர் துருப்பானால் 4 டைமண்டே ஏஸ் கேள்வி, டைமண்ட் துருப்பானால் 4 ஆட்டின் என்று முடிவு. ரெட்வுட் என்பார்கள். அடுத்த வாரம் முதல் ஆடிப் பார்க்கிறோம்.